என் கம்ப்யூட்டருக்கும் ஆயுத பூசை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பொம்பளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் ஓசூரில் என்னை மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பது என் கட்சி.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். எந்த லாரியில் எந்தச் சரக்கு யாருக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, சாயங்காலம் வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் அனுப்புவது என் வேலை. கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். என் பக்கத்து மேசையில் வேப்பனப்பள்ளிப் பெண் ஒருத்தி. வீட்டில் தெலுங்கு, கேன்டீனில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றிலும் வம்பளப்பாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"புது மெஷின் வருதும்மா, எடம் பத்தல. உங்க டேபிள எடுக்கறோம். இனிமே வூட்ல இருந்தே வேலை பாருங்க. கம்ப்யூட்டரு, போன் லைனு எல்லாம் கம்பெனியே குடுத்துரும். பஸ்சுக்கு ஓட வேணாம். வேற என்னா வேணும்?"

தெருவே பொறாமைப்பட்டது. நானும் கொஞ்ச நாள் மிதப்பில்தான் இருந்தேன். அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது. குழம்பு தாளிக்கும்போது அடிக்கும், ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போது அடிக்கும். "வூட்லதானம்மா இருக்கீங்க, ஒரே ஒரு ரிப்போர்ட்" என்பார் சூப்பர்வைசர். மின்வெட்டு ஊரைப் படுத்தி எடுத்த காலம் அது. கம்பெனியில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், இல்லையென்றால் ஆட்கள் டீ குடிக்கப் போவார்கள். என் வீட்டில் போனால், "கரண்ட் வந்ததும் உக்காந்து முடிச்சுருங்க" என்று உத்தரவு வரும். கம்பெனிச் சங்கு, இரண்டு ஸ்டாப் தள்ளியிருந்த என் வீடு வரைக்கும் கேட்கும். சங்கு ஊதியதும் மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு கிளம்புவார்கள் என்று தெரியும். நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

வேறொரு கம்பெனியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு, இருக்கிற வேலையும் போயிரும்" என்றார். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி குடைந்தது. நான் இன்னும் அந்தக் கம்பெனி ஆள்தானா, இல்லை, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டிய யாரோ ஒருத்தியா?

ஆயுத பூசை வந்தது. சிப்காட்டில் அதுதான் பெரிய திருவிழா. மெஷின்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். கேட்டில் பூசணிக்காய் உடையும். ஆளுக்கொரு பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பெட்டியும் கிடைக்கும். தீபாராதனை ஆகிவிட்டால் மறுநாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை எந்த மெஷினையும் யாரும் தொடமாட்டார்கள். முதலாளியே வந்து நின்றாலும் தொடமாட்டார்கள். முந்தின வருடங்களில் என் கம்ப்யூட்டருக்கு நானேதான் சந்தனம் வைத்தேன்.

அந்த வருடம் எங்களுக்கு அழைப்பு இல்லை. பூசையன்று காலையில் வேப்பனப்பள்ளிக்காரி போன் செய்தாள்.

"கூட்டிப் பெருக்கறவங்களக் கூட கூப்ட்டிருக்காங்கக்கா. நம்மள மறந்துட்டாங்க பாத்தியா?"

"மறக்கலடி. நாம ஆளே இல்லன்னு நெனச்சுட்டாங்க. நீ கம்ப்யூட்டரத் தொடச்சுப் பூசையில வையி. நானும் வைக்கிறேன்."

வைத்தேன். ஒயரைப் பிடுங்கி, கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, கதம்பம் சுற்றி, சூடம் காட்டினேன். சுண்டல் ஆறுவதற்குள் போன் அடித்தது.

"பூனா கஸ்டமருங்க ரிப்போர்ட் கேக்கறாங்கம்மா. அவங்களுக்கு இன்னிக்கு லீவு இல்ல. ஒண்ணே ஒண்ணு, சட்டுனு அனுப்பிருங்க."

"கம்ப்யூட்டர பூசையில வச்சாச்சு சார். நாளைக்குத்தான் தொடுவேன்."

"வூட்டுக் கம்ப்யூட்டருக்கு என்னாம்மா பூச?"

"வீட்டுக் கம்ப்யூட்டர் இல்ல சார், கம்பெனிக் கம்ப்யூட்டர். நீங்கதான குடுத்தீங்க?"

"வூட்லதானம்மா இருக்கீங்க. ஒரு பத்து நிமிசம்…"

"அவ்வளவு அவசரம்னா நீங்களே போட்ருங்களேன் சார். ஆபீஸ்லதான இருக்கீங்க?"

"நான் எப்டிம்மா போடறது? இங்க கம்ப்யூட்டருக்கெல்லாம் மாலை போட்டாச்சு, யாரும் தொடக் கூடாது" என்றார் மனுசன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும்.

"உங்க கம்ப்யூட்டரத் தொடக் கூடாது, என்னோடது மட்டும் என்ன சார் பாவம் பண்ணுச்சு?" கையிலிருந்த சுண்டல் கரண்டியைக் கீழே வைத்தேன். "அங்க லீவுன்னா எனக்கும் லீவு. அங்க சங்கு ஊதுனா எனக்கும் வேலை முடிஞ்சுது. நான் இருக்கிறது என் வீடு சார். ஆனா பாக்குறது உங்க கம்பெனி வேலை. எங்க ரெண்டு பேருக்கும் பொரியும் ஸ்வீட்டும் எடுத்து வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். சற்று நேரத்தில் வேப்பனப்பள்ளிக்காரி கூப்பிட்டாள். அவளிடமும் கேட்டாராம். "பூசையில இருக்கு சார்" என்று அவளும் சொல்லிவிட்டாளாம்.

மறுநாள் காலையில் பூசையைக் கலைத்துவிட்டு, கழுத்தில் பேட்ஜை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டார். சூப்பர்வைசர் இரண்டு பெட்டிகளோடு அவரே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட்ட…" என்று இழுத்தார்.

"வீட்டுக்குப் போனதும் அனுப்பறேன் சார்."

"ம். ஞாயித்துக்கெழம ஒரு லோடு இருக்கு… சரி, அத திங்கக்கெழம பாத்துக்கலாம்."

அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் வரவில்லை. ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அதன் பிறகு சங்கு ஊதிவிட்டால் என் போன் அடித்ததில்லை.

அன்று கேட்டை விட்டு வந்ததும் ரோட்டோரத்திலேயே நின்று என் பெட்டியைத் திறந்தேன். ஒரு நாள் பழசான மைசூர்பாகு, கல்லாக இருந்தது. பல் வலிக்க வலிக்கக் கடித்து, ஒரு துண்டு விடாமல் தின்று முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.