இரண்டு பேர் வேண்டும் என்று போட்டிருந்த கிதார்

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிதார் கிட்டைத் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமை அறையில் நான் இருந்தேன். நைட் ஷிப்டு முடித்து வந்த என் அறைத்தோழர் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவரை இருந்தவர் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. ஊத்தங்கரைப் பக்கத்தில் யாரோ ஒருவரின் நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாலிடெக்னிக் விடுதியில் எனக்குக் கிதாரில் நான்கு கார்டு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த நண்பனும் இல்லை. வேலை கிடைத்துப் புனே போனவன், போன் எடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டான்.

ஓசூரில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லாவற்றிலும் கம்பெனி ஆட்கள். அவருக்கும் எனக்கும் வேறு வேறு கம்பெனி. ஷிப்டு எப்போதும் எதிரும் புதிருமாகவே விழும். கட்டில் ஒன்றுதான். நான் வந்து படுக்கும்போது தலையணையில் அவர் சூடு இருக்கும். ஆளைப் பார்த்துப் பேச ஞாயிறு ஒன்றுதான்; அதிலும் பாதி ஞாயிறுகளில் ஓ.டி. என்று கூடுதல் வேலைக்குப் போய்விடுவார். ஒரு வருடமாக ஒருவர் சூட்டில் ஒருவர் படுத்தும், அவர் ஊர் திருநெல்வேலிப் பக்கம், மில்லிங் மெஷினில் வேலை என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

செய்து முடித்த கிதாரே அந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அது வந்த அன்றே வேலை முடிந்துவிடும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

போனில் மூன்று கிட்டுகளைத் திறந்து வைத்திருந்தேன். முதலாவது, வயிறு பெரிய சாதாரண கிதார். சத்தம் அதிகம். லைன் வீட்டில் எந்த நேரமும் எந்த அறையிலாவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் அது ஆகாது. மற்ற இரண்டும் எலக்ட்ரிக். ஸ்பீக்கரில் மாட்டாத வரை வாசிப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும். ஒன்றில் கழுத்தை, அதாவது கம்பிகள் ஓடும் நீளக் கட்டையை, உடம்போடு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம். இன்னொன்றில் பசை தடவி ஒட்ட வேண்டும். அதன் கீழே சின்ன எழுத்தில், ஒட்டும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது என்று போட்டிருந்தது.

சந்தேகம் கேட்கப் பெங்களூர்க் கடைக்குப் போன் செய்தேன்.

“ஃபர்ஸ்ட் டைமா சார்? ஸ்க்ரூ டைப்பே தொகொள்ளி. ஒப்ரே மாடபோது” என்றார் கடைக்காரர்.

ஸ்க்ரூ வகையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவரே செய்துவிடலாம் என்கிறார். இந்த ஊரில் அந்த அளவுக்குக் கன்னடம் எல்லோருக்கும் புரியும்.

“இல்லைங்க, ஒட்டுறதே அனுப்புங்க.”

“அதுக்கு ரெண்டு பேர் வேணும் சார்.”

“இருக்காங்க” என்றேன். கட்டிலில் அவர் புரண்டு படுத்தார்.

சாயங்காலம் போனில் அம்மாவிடம் சொன்னேன்.

“செஞ்சதா விக்கிறதில்லையாடா? பலகையக் காசு குடுத்து வாங்கி நீயே செய்யணுமா?”

“ஆமாம்மா.”

“சரி, படிச்சவன் நீ. அதுல ஏதோ இருக்கும்.”

பத்தாவது பாஸ் ஆனதிலிருந்து வீட்டில் இதுதான் பேச்சு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகப் படித்தது நான்தான். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சண்டைகூடப் போட்டதில்லை. அன்றைக்கு அம்மா இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

பெட்டி வந்தது. உப்புத்தாள் போட்டு உடம்பைத் தேய்த்தேன், இரண்டு ஞாயிறு போயிற்று. மரத்தூள் பக்கத்து அறை வாசலுக்குப் பறந்ததில் அந்த அறைத் தெலுங்குக்காரரிடம் வசவு வாங்கினேன். பரவாயில்லை, அதுவும் பேச்சுதான். கழுத்தை ஒட்டும் கட்டம் வந்ததும், கிளம்பிக்கொண்டிருந்த அறைத்தோழரிடம் கேட்டேன்.

“அண்ணா, ஞாயித்துக்கிழம ஒரு அரைமணி நேரம் இதப் புடிச்சிக்கணும்.”

“ஞாயிறு ஓ.டி. போட்டுருக்கேன்லே. டபுள் சம்பளம்லா” என்று ஷூ மாட்டினார். “பாப்போம்.”

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்தபோது கட்டிலில் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் புத்தம் புதிய சி-கிளாம்ப் இரண்டு. போனில் அவர் குரல் வந்திருந்தது: “ஏலே, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹார்டுவேர் கடையில வாங்கினேன். அட்டை வச்சு ரெண்டையும் போட்டு முடுக்கு. இனி ஒனக்கு ஆளே வேண்டாம்.”

தன் காசில் வாங்கியிருக்கிறார். திரும்பத் திரும்ப அந்தக் குரலைக் கேட்டேன். அவ்வளவு அக்கறையான குரல். முடியாது என்று சொல்லியிருந்தால் இன்னொரு ஞாயிறு கேட்டிருக்கலாம். இப்போது கேட்கவும் வழியில்லை.

பொட்டலத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அந்த ஞாயிறு ஒட்டவில்லை, அடுத்த ஞாயிறும் ஒட்டவில்லை. ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் ஒரு டீ குடித்து, அதே பஸ்ஸில் திரும்பினேன்.

ஒருநாள் செருப்பைத் தேடிக் குனிந்தவர் பொட்டலத்தை இழுத்தார். நான் பிரித்துப் பார்த்த காகிதம்கூட அப்படியே கிடந்தது.

“என்னலே, போடலியா?”

“சைஸ் சேரலண்ணா.”

ஒரு கிளாம்ப்பை எடுத்துத் திருகிப் பிரித்தார். மூலையில் கிடந்த கிதார் உடம்பையும் கழுத்தையும் பொருத்தி, அதன்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. நாள் முழுக்க இரும்பைக் கிளாம்ப் போட்டு மெஷினில் ஏற்றுகிற மனிதர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாம்ப்பை எடுத்துப் பழையபடி காகிதத்தில் சுற்றினார்.

“ஆமா. சேராது” என்றார். பிறகு, “ஞாயித்துக்கெழம காலைல வச்சுக்கிடுவோம்.”

ஞாயிறு வந்தது. அவர் ஓ.டி. போகவில்லை. நான் தரையில் உட்கார்ந்து உடம்பை மடியில் வைத்துக்கொண்டேன். பசை தடவிக் கழுத்தைச் செருகியதும், எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“எம்புட்டு நேரம்லே?”

கிட்டோடு வந்த தாளில் அரைமணி என்றுதான் இருந்தது. “முக்கா மணி நேரம்ணா” என்றேன்.

“பிள்ளை பெத்திரலாம் போல” என்று சிரித்தார்.

அவருக்கு மகள் ஒருத்தி இருப்பதும், அவள் ஒன்றாம் வகுப்பில் டான்ஸ் ஆடிப் பரிசு வாங்கியதும் அப்போதுதான் தெரிந்தது. அவள் ஆடியதை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். கட்டிலில் அவர் போன் அடித்தது. சூப்பர்வைசராக இருக்கும் என்றேன்.

“அடிக்கட்டும். கை சோலியா இருக்குல்லா” என்றார். கையை எடுக்கவில்லை.

ஓரத்தில் கசிந்த பசையை நான் ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு பேரும் சும்மா பிடித்துக்கொண்டிருந்தோம். சொன்ன நேரம் தாண்டியும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். “மொத்தம் எம்புட்டுலே ஆச்சு? என் ஓ.டி.யையும் சேத்துச் சொல்லு.”

கிட் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம், பசை தொண்ணூறு, போடாத கிளாம்ப் இரண்டும் அறுநூற்று நாற்பது, அவருடைய ஞாயிறு ஆயிரத்து முந்நூறு. பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது ரூபாய்.