குதிரைக்காரி

பலகையில் செஸ் காய்களை அடுக்கி முடித்ததும் தன் இரண்டு குதிரைகளையும் தன் பக்கமாகத் திருப்பி வைக்கிறாள். மற்றப் பெண்களின் குதிரைகள் எதிரியை முறைத்துக்கொண்டிருக்க, இவளுடையவை மட்டும் எஜமானியின் முகத்தைப் பார்த்து நிற்கும். கேட்டால், “மூஞ்சியப் பாத்தாதான் அதுங்க என்ன சொல்லுதுன்னு புரியும்” என்பாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் போட்டி வட்டாரத்தில் ‘குதிரைக்காரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தையல் வேலை செய்யும் அம்மா போட்டி அரங்கின் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள்: “வீட்டுல டம்ளரோட பூப்போட்ட பக்கம்கூட இவளத்தான் பாக்கணும். இல்லன்னா தண்ணியே குடிக்க மாட்டா!”

ஆட்டத்தின் நடுவே ஒரு காயைத் தொட்டால் அதையே நகர்த்தியாக வேண்டும். சும்மா நேராக்குவதானால், தொடுவதற்கு முன்பே “சரி பண்றேன்” என்று சொல்லிவிட வேண்டும். இவள் அதை ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை சொல்வாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. நடுவரே ஒருமுறை பொறுமை இழந்து, “பாப்பா, அதுங்க எங்கயும் ஓடிப் போயிடாது, விடு” என்றாராம்.

இன்று சிறுமியர் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம். எதிரே போன வருடச் சாம்பியன், தடித்த கண்ணாடி போட்ட பெண். ஜெயிப்பவள் உலகப் போட்டிக்குப் போவாள். தோற்பவள் வீட்டுக்குப் போவாள். பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரைக்காரியின் கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஆனால் தன் ராணியை மூலைக்கு நகர்த்தினால் போதும், ஆட்டம் அவளுடையது.

அந்த நேரம் பார்த்துக் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. ராஜாவுக்குக் காவல் நின்ற குதிரை கொஞ்சம் கோணியிருந்தது. திருப்பிவிட்டாள். “சரி பண்றேன்” என்று சொல்லவில்லை.

கண்ணாடிக்காரி குனிந்து தன் நகர்வை எழுதிக்கொண்டிருந்தாள். நடுவர் அடுத்த மேசையில். யாரும் பார்க்கவில்லை. ராணியை எடுடி பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்தக் குதிரை எந்தப் பக்கம் போனாலும் எதிரியின் யானை உள்ளே புகுந்து ராஜாவை முடித்துவிடும். எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா?

அவள் கை ராணியின் தலைக்கு மேலே போய் நின்றது. உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

பிறகு குதிரையைத் தூக்கி வேறு கட்டத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது சுவரைப் பார்த்து நின்றது. “சரி பண்றேன்” என்று எதிரிக்குக் கேட்கும்படி சொல்லி, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிய பிறகுதான் கடிகாரத்தை அழுத்தினாள்.