நீல மூடி உப்பு

டில்லிக் குளிரில் குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் எலும்பு வரைக்கும் போகும். தங்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போயிற்று. யாரிடமும் சொல்லாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். மூன்றாம் நாள் காலையில் வந்தபோது, தேய்க்கும் தொட்டி ஓரம் ஒரு வாளி வெந்நீர் ஆவி பறக்க இருந்தது. வீட்டு அம்மாதான் வைத்தார்கள் என்று தங்கம் நினைத்தாள். தங்கமே சுடவைத்துக்கொள்கிறாள் என்று அம்மா நினைத்தார். பிப்ரவரி வரை இருவரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. ஆறு மணிக்கே மாடி ஏறினால், பாலுக்காகத் திறந்து வைத்த கதவு வழியே தெரிந்தது. வெங்கடராமன் சார் காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு, வாளியைத் தொட்டி ஓரம் இழுத்து வைத்துவிட்டு, பூனை மாதிரி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சார் தான் செய்கிற ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுகிறவர். இதை எந்த நோட்டிலும் எழுதவில்லை. ஆகையால் இதை நல்ல காரியத்தில் சேர்க்கலாம் என்பது தங்கத்தின் அபிப்பிராயம்.

சார் விஞ்ஞானி. அரசாங்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். ஜனக்புரியில் மூன்றாம் மாடியில் சொந்த வீடு, லிஃப்ட் கிடையாது. வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் படுக்கை இல்லை. தராசு, சின்ன ஃபிரிட்ஜ், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, நோட்டுகள். ஓய்வு கிடைத்தது ஆபீஸுக்குத்தான், அவருக்கு இல்லை. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. காய்கறிக்காரனைக் கூட இந்தியில் அண்ணன் போட்டு "பையா ஜீ" என்பார். சாப்பிடும்போது எதையாவது படித்துக்கொண்டே சாப்பிடுவார். தட்டில் இருப்பது அவியலா அப்பளமா என்று கேட்டால் குனிந்து பார்த்துத்தான் சொல்வார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வைத்தி கனடாவில் இருக்கிறான். அவனுக்கு ஒன்பது வயதிலிருந்து வாசனை தெரியாது. டில்லிப் புகைக்கு மூக்கில் விடுகிற சொட்டு மருந்து ஒன்றை சார் அந்தக் குளிர்காலத்தில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தினம் ராத்திரி கதை சொல்லி மடியில் படுக்கவைத்து, இரண்டு சொட்டு. தை மாதத்தில் பையன் மல்லிகைப்பூவை மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டான். சார் அந்தத் தேதியை எழுதிவைத்தார். வைத்தி இப்போது வருஷத்துக்கு ஒருமுறை அம்மாவோடு பேசுவான். அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்கமாட்டான்.

இதைத் தங்கத்துக்குச் சொன்னதே சார்தான். ஒளித்ததில்லை. "வேற யார் பிள்ளைக்காவது கொடுத்திருக்கலாமே சார்?" என்று அவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

சாருக்கு வருத்தமாகிவிட்டது. "என்ன தங்கம் இப்படிச் சொல்றே? அடுத்தாத்துப் பிள்ளை மேல கை வைக்கறது பாவமில்லையோ? நம்மாத்து மனுஷாதான் நமக்கு உரிமை."

தங்கம் கள்ளக்குறிச்சிப் பக்கம் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். பாவம் என்ற சொல் வந்ததும் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது, அந்த வார்த்தை சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று யோசித்தாள்.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம் இரண்டு காரியம் நடந்தது.

முதலாவது, சாரின் மனைவி சுந்தரவல்லி அம்மா தங்கத்தைப் பூஜை அலமாரிக்கு முன்னால் கூப்பிட்டார். பெண் மாதங்கி கரோல் பாக்கில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். இரண்டு தடவை குழந்தை தங்காமல் போய், இப்போது மூன்றாவது. குழந்தை நல்லபடியாகப் பிறக்கிற வரைக்கும் உப்பில்லாமல் சாப்பிடுவதாக அம்மா உப்பிலியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமாளே உப்பில்லாமல் அமுது செய்கிறவர்.

"உப்புப் போடறதுக்கு முன்னாடியே என் பங்கை எடுத்து வச்சுடு. அவருக்கு மட்டும் தெரியப்படாது."

"சாருக்கு ஏன்மா தெரியக் கூடாது? அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களே."

"சொல்லமாட்டார். இதையும் ஒரு சோதனையா ஆக்கிடுவார். என் வேண்டுதலுக்கு நம்பர் போட்டு நோட்டுல எழுதிடுவார். விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

தங்கம் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

இரண்டாவது, மறுநாளே சார் நீல மூடி போட்ட ஒரு ஜாடியோடு சமையலறைக்கு வந்தார். அது அவர் கண்டுபிடித்த உப்பு. பார்க்க உப்பு, ருசி உப்பு, ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும். நாட்டில் பாதிப் பேருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் நூற்றறுபது, மாத்திரையைச் சமீபத்தில் நிறுத்தியிருந்தார்.

"அம்மா சாப்பாட்டுக்கு இது மட்டும். தினம் ஒரு சின்னக் கரண்டி. எனக்கு வழக்கமான உப்பு. உன் டிபன் பக்கம் இது வரவே கூடாது, நீ வேத்து மனுஷி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஜாடியை எடை போடுவேன். அம்மாவுக்குத் தெரியப்படாது."

"நல்ல உப்புதானே சார்?"

"ரொம்ப நல்ல உப்பு."

தங்கம் அன்று பூரா யோசித்தாள். அம்மாவுக்குச் செய்தது சத்தியம். சார் சொன்னது உத்தரவு. ஆகையால் அம்மாவின் பங்கில் எந்த உப்பும் விழவில்லை. ஆனால் ஜாடி எடை குறைய வேண்டுமே. உப்பைக் கொட்டக் கூடாது, அது லட்சுமி. காலில் மிதிபடவும் கூடாது. சாக்கடையில் கரைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ரொம்ப நல்ல உப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார், நல்லது அவருக்கே போகட்டும் என்று தினமும் அந்தக் கரண்டியை சாரின் ரசத்தில் பாதி, குழம்பில் பாதியாகப் போட்டாள். சார் படித்துக்கொண்டே சாப்பிட்டார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அம்மாவின் ரத்த அழுத்தம் நூற்றறுபதிலிருந்து நூற்றைம்பது, நூற்று நாற்பது, ஆனி மாதம் நூற்று முப்பது. சார் எழுதி எழுதி ஒரு நோட்டுத் தீர்ந்தது. சாருக்குத்தான் மாசியிலிருந்து உடம்பு சரியில்லை. கால் மரத்தது. நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயசு என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் சொன்னார்.

ஆனி மாதம் மாதங்கிக்கு வளைகாப்பு நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருவதாகப் பேச்சு. அந்த ஞாயிறு காலை சார் இன்னொரு ஜாடி கொண்டுவந்தார். பச்சை மூடி.

"இது மாதங்கி சாப்பாட்டுக்கு. கர்ப்பிணிக்கு இதுவரைக்கும் யாரும் கொடுத்துப் பாத்ததில்லை."

"ஏன் சார் பாக்கல?"

"தைரியம் இல்லை."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே சார்?"

"அதைத்தானே பாக்கணும்." சார் அன்பாகச் சிரித்தார். "பயப்படாதே. அம்மாவுக்கு அஞ்சு மாசமாக் கொடுக்கலையா? குதிரை மாதிரி இருக்கா. அந்த தைரியத்துலதான் என் பொண்ணுக்கே கொடுக்கறேன்."

தங்கம் அரிசி முறத்தைக் கீழே வைத்தாள். அம்மா சாப்பிடவே இல்லை. சாப்பிட்டவர் எதிரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை நாள் தோன்றாதது அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது. சொல்லாவிட்டால் அந்த உப்பு வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். சொன்னால், அந்தப் பிள்ளைக்காகச் செய்த சத்தியம் உடையும். பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள். "பெருமாளே, சத்தியம் பண்ணினது நான், உடைக்கறதும் நான். தண்டனை என்னோட நிக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்டப் போகாதே" என்று விழுந்து கும்பிட்டுவிட்டு சாரின் அறைக்குப் போனாள். சார் நீல மூடி ஜாடியை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இந்த உப்பை அம்மா சாப்பிடவே இல்ல."

சார் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடை குறைஞ்சிருக்கே."

"குறைஞ்சது உங்க தட்டுல சார்."

சார் திரும்பினார். திட்டுவார் என்று தங்கம் தலை குனிந்துகொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் கழிஞ்சதுலேர்ந்து."

"தினமுமா?"

"என் நாத்தனார் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டேனே, அது தவிர."

"முழுக் கரண்டியா?"

"தலை தட்டி சார்."

சார் நோட்டை எடுத்து, மேலே எழுதியிருந்த மனைவியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். வேட்டியைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நெஞ்சுப் படபடப்பு மாசி மாசம் ஆரம்பிச்சது, இல்லையா? அச்சா, அச்சா" என்று எழுதிக்கொண்டே போனார். பரிசு விழுந்த மாதிரி இருந்தது முகம். திடீரென்று பேனா நின்றது.

"அப்போ சுந்தரிக்கு எப்படிக் குறைஞ்சுது?"

"அம்மா உப்பே சேக்கல சார். உப்பிலியப்பனுக்கு வேண்டுதல். மாதங்கிப் பாப்பாவுக்காக."

"உப்பே சேக்கலைன்னா குறையத்தான் குறையும். ஊரறிஞ்ச விஷயம். அதுக்கு நான் எதுக்கு?" என்றார் சார். வைத்தியைப் பற்றிச் சொன்னபோது கூட அவர் முகத்தில் இவ்வளவு துக்கத்தைத் தங்கம் பார்த்ததில்லை.

வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தார். பூஜைக்கு எடுத்த துளசி கையிலேயே இருந்தது.

"ஏன்னா, என் மாத்திரையை நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லையா?"

"இல்லை. நான்தான்."

"அந்தப் பச்சை மூடி யாருக்கு?"

"மாதங்கிக்கு." கேட்டால் சார் பொய் சொல்வதில்லை.

"வைத்தி மூக்கு போச்சே, அது போறாதா உங்களுக்கு?"

"அது வீண் இல்லை சுந்தரி. அந்த மருந்து உதவாதுன்னு தெரிஞ்சுதே. எத்தனை குழந்தைகள் தப்பிச்சுது, யோசிச்சுப் பாரு."

அம்மா யோசித்துப் பார்க்கவில்லை. துளசியைப் பெருமாள் காலடியில் வைத்துவிட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். "பொண்ணு பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவா. நான் பொண்ணோட மாமியார் வீட்டுக்குப் போறேன். சம்பந்தி அம்மா வாய்க்கு அவல் கிடைச்சுது. மெல்லட்டும்."

தங்கம் புடவைகளை மடித்துக் கொடுத்தாள். "சத்தியத்தை மீறிட்டேம்மா."

"மீறிட்டே. இத்தனை நாள் ஜாடி விஷயம் எங்கிட்டயும் சொல்லலை."

"நீங்க சாப்பிடலையே, எதுக்குன்னு விட்டுட்டேம்மா."

அம்மா பெட்டியைப் பூட்டினார். "இன்னிக்காவது சொன்னியே. பெருமாள் கேட்டார்னா என்னைக் கேக்கச் சொல்லு."

அம்மா ஆட்டோவில் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனார். சார் மேலேயிருந்து கையை ஆட்டினார்.

தங்கம் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தாள். அம்மாதான் சொன்னார், "அந்த மனுஷன் பட்டினி கிடக்கப்படாது" என்று. ஆனால் நீல மூடியைத் தொடமாட்டேன் என்று தங்கம் சாரிடம் சொல்லிவிட்டாள்.

"சரி. நீ தொடவேண்டாம்" என்று சார் தானே ஒரு கரண்டியை எடுத்து ரசத்தில் போட்டுக் கலக்கிக்கொண்டார். இப்போது படிப்பதை நிறுத்திவிட்டு, ருசி பார்த்துச் சாப்பிட்டார்.

"நெஞ்சு துள்ளுதுன்னு சொல்றீங்களே சார். விட்டுடுங்களேன்."

"அஞ்சு மாசம் ஆச்சு. பாதியில விட்டா, ஆனதெல்லாம் வீணாப் போயிடும். இந்த வீட்டுல இப்போ நான் ஒருத்தன்தானே பாக்கி?"

மாப்பிள்ளை இரண்டு தடவை டாக்டரிடம் கூப்பிட்டுப் போக வந்தார். சார் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். தங்கம் ஒருநாள் ஜாடியைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். சார் கோபிக்கவில்லை, அறைக்குள் இன்னும் மூன்று ஜாடி இருந்தது.

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளியன்று விடியற்காலையில் மாதங்கிக்குப் பெண் பிறந்தது. மூன்று கிலோ. அம்மா தங்கத்திடம் போனில் அழுதார். அன்றைக்கு அவர் உப்புப் போட்ட மோர் குடித்தார். தங்கம் ஓட்டமாக ஓடி வந்து மாடி ஏறினால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் சார் படியில் உட்கார்ந்திருந்தார். பால் பாக்கெட் மடியில் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். தூக்குகிற ஆட்கள் வந்து, "ஜல்தி, ஜல்தி" என்று ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வைத்தி வந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு காரியங்களைச் செய்துவிட்டுப் போனான்.

அன்று ஸ்ட்ரெச்சரோடு படி இறங்கும்போது தங்கம் அவர் காதருகே குனிந்து, "பொண்ணு பொறந்திருக்கு சார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

சார் கண்ணைத் திறந்தார். எழுதுவதற்கு நோட்டைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கம், குழந்தைக்கு ஒரு வயசு வரைக்கும் எந்த உப்பும் போடக் கூடாது, சாதா உப்பு கூட. மாதங்கிகிட்ட சொல்லிடு. நான் சொன்னதா மட்டும் சொல்லாதே. வேணும்னே போட்டுடுவா."