பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர்

சாகுல் பாய் மவுத்தான செய்தி வந்தபோது நான் இலஞ்சியில் தென்காசி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். கையில் ஒரு பை. பைக்குள் சென்னையிலிருந்து மகள் அனுப்பிய கார்ன்பிளேக்ஸ் பெட்டி. அதை அவர் படித்துச் சொல்ல வேண்டும். "தொழுதுட்டு வந்து உக்காந்தாராம், அப்படியே போயிட்டாராம்" என்று போனில் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்புவதா, போவதா என்று ஒன்றும் ஓடவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவர் வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் அந்தப் பெட்டியும் என்கூட வந்திருப்பது தெரிந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துபாயில் ஒரு பெரிய கடையில் வருஷக்கணக்காகப் பெட்டிகளை அடுக்கியவர். திரும்பி வந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக்கடை போட்டார். நான் குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவன். எழுத்து தெரியாது. இதையும் போனில் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை வியாதி, இரத்தமும் குறைவு. காலையில் இட்லியோ கஞ்சியோ தொண்டையில் இறங்காது. மகள் முதலில் அனுப்பிய தேன் கார்ன்பிளேக்ஸை, அந்த இனிப்புப் பொரியை, பாலில் போட்டுக் கொடுத்தால் மட்டும் தின்றாள். அது அவளுக்கு ஆகுமா, ஆகாதா? முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன்.

முன்பக்கத்தில் தேன் ஒழுகுகிற படம். அவர் அதைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத் திருப்பினார். "முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அண்ணாச்சி. குடும்பம் எப்படின்னு பின்னாலதான் தெரியும்" என்றார். உள்ளே சேர்த்த சாமான்களில் எது அதிகமோ அதை முதலில் போடுவார்களாம். மக்காச்சோளம், அடுத்தது சீனி என்று விரலை வைத்து இறங்கினார்.

"தேன் எங்கன இருக்கு பாய்?"

"பொறுங்க, இன்னும் வரல. குளுக்கோஸ் சீரப்பு, மால்ட்டு, உப்பு... இந்தா, உப்புக்கும் கீழ கெடக்கு."

"இனிப்புல உப்பு எதுக்கு?"

"அத நீங்க தின்னு பாத்துல்லா சொல்லணும்."

தின்று பார்த்தேன். உப்பு நாக்குக்குத் தட்டவே இல்லை. சீனியே மூன்று நான்கு பெயர்களில் ஒளிந்திருக்கிறது, மதினிக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் கடைசி வரியில் இரும்புச்சத்து என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் அதைத்தான் வேண்டும் என்கிறார்கள். அப்போதே எனக்குத் தலை சுற்றிவிட்டது.

இரும்பு மெய்தானா என்று பார்க்க அவர் ஒரு காரியம் செய்தார். துபாயில் யாரோ செய்து காட்டியதாம். பொரியைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றினார். வெளியே எடுத்தால் காந்தத்தில் கருப்பாகப் பொடி ஒட்டியிருந்தது.

"இரும்புச்சத்துன்னா கீரையில உள்ள மாதிரின்னுல்லா நெனச்சேன். இது அரத்தூளால்லா இருக்கு" என்றேன்.

சாமான் வாங்க வந்த ஒருவர், "பாய், இதத் தின்னுட்டுச் சாரல்ல நனஞ்சா துருப்பிடிச்சிராதா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்காமல் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீனி இருக்கதும் நெசம், இரும்பு இருக்கதும் நெசம். இப்ப என்ன செய்ய?" என்று என்னையே கேட்டார்.

நான் பெட்டியைப் பரணில் போட்டேன். வீட்டுக்காரி கேழ்வரகுக் கூழைத் தள்ளிவிட்டாள். மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தாள். கேள்விப்பட்டுப் பாயே இலஞ்சிக்கு வந்துவிட்டார். கக்கத்தில் அதே மாதிரிப் பெட்டி.

"குடுங்க அண்ணாச்சி."

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னீய?"

"அன்னைக்குப் பெட்டியத்தான் பாத்தேன். மதினிய இன்னைக்குல்லா பாக்கேன்."

அவள் எழுந்து உட்கார்ந்து தின்றாள். "பாய்க்குத் தெரிஞ்சது இந்த மனுசனுக்குத் தெரியலையே" என்று என்னை ஒரு குத்து குத்தினாள்.

"எனக்கும் தெரியல மதினி. தின்னுட்டு நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டரம்மா ஒரே மூச்சில் பாராட்டி, ஏசவும் செய்தார். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? மகளிடம் சொன்னேன். சர்க்கரை சேர்க்காதது என்று முன்பக்கத்தில் போட்ட வேறு பெட்டியை அனுப்பினாள். வாயில் போட்டால் அதுவும் இனிக்கிறது. பாய் மவுத்தான அன்றைக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மருந்துக் கடையில் அந்தப் பெட்டியை நீட்டினேன். "நல்லதுதான் தாத்தா, தைரியமாக் குடுங்க" என்று கடையில் நின்ற பிள்ளை அதைத் திருப்பாமலே சொல்லிற்று. பக்கத்தில் நின்றவர், "பெட்டியில வாரது எல்லாமே விஷம்" என்றார். இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. பாய் என்றால் என்னை நிற்கவைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து படிப்பார். படித்த பிறகும் தெரியவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்வார். நான் கண்ட மனிதர்களில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

இன்று காலையில் வீட்டுக்காரி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நல்லதா, கெட்டதா? ஒண்ணச் சொல்லும்" என்றாள்.

"தெரியல. கொஞ்சமாத் தின்னு, பாப்போம்" என்றேன்.

பாதியைத் தின்றாள். மீதியைத் தள்ளி வைத்துவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நானும் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.