கருவாட்டுக்கு வந்த ஐஸ்

நிவாரண அதிகாரி எங்கள் சந்துக்கு வந்த காலையில் அங்கே இருந்தவர்கள்: கருவாடு விற்கும் என் அத்தை, என் அம்மா, எதிர்க்கடை அண்ணாச்சி, அத்தையிடம் வாடிக்கையாக வாங்கும் ஏழெட்டுப் பெண்கள், நான். இல்லாதவர்கள்: தோல் பட்டறைக்குப் போயிருந்த அப்பா, விக்ரோலி கம்பெனியில் ஷிஃப்ட்டில் இருந்த மாமா. கருவாடும் இல்லை. அதை மூன்று நாள் முன்பே சுகாதார இலாகா லாரி அள்ளிக்கொண்டு போய், ஃபினாயில் ஊற்றிப் புதைத்துவிட்டது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. தாராவியில் காலரா. மீன், கருவாடு, வெட்டிவைத்த பழம், ஐஸ் எதையும் விற்கக்கூடாது என்று சுகாதார இலாகா தடை போட்டிருந்தது. மீன் வியாபாரிகள் பிழைப்பு போயிற்றே என்று மீன் இலாகா நிவாரணம் அறிவித்தது. இரண்டு இலாகாவும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அத்தைக்கு நிவாரணப் பணத்தைவிட நிவாரணப் பதிவேடுதான் முக்கியம். அதில் பேர் ஏறாதவர்களுக்குத் தடை நீங்கியதும் லைசென்ஸ் ரத்து. மார்க்கெட்டில் அத்தை உட்காரும் நாலடி இடத்தின் மேல் ஏற்கெனவே மூன்று பேருக்குக் கண்.

அதிகாரி நல்ல மனிதர். அவர் கையிலிருந்த பாரத்தில் ஒரே கேள்விதான் கேள்வி: சரக்கு கெட்டுப்போனதா? ஆமாம் என்றால் அறுபது ரூபாய் ரொக்கம். இதை எனக்கு இந்தியில் விளக்கிவிட்டு, "கராப் ஹோ கயா போல்னேகோ போலோ, பஸ்", கெட்டுப்போனது என்று சொல்லச் சொல், போதும், என்று கண்ணையும் காட்டினார்.

"அத்தை, சரக்கு கெட்டுப்போச்சான்னு கேக்காரு. ஆமான்னு சொல்லுங்க" என்றேன்.

அத்தை சுற்றி நின்ற வாடிக்கைப் பெண்களை ஒருமுறை பார்த்தாள். "என் கருவாடா? எய்யா, ஆறு மாசம் கெடந்தாலும் அதுல ஒரு புழு பாத்திருக்கியா?"

"அதில்ல அத்தை. அதான் லாரியில கொண்டுபோயிட்டாம்லா."

"கொண்டுபோனான். கெடல. நல்ல சரக்குல ஃபினாயில ஊத்துனது அவன். அத அவன்கிட்ட கேளு."

"மைனி, ஒரு வார்த்ததான. ஆமான்னுருங்க" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"நீ சும்மா இரு. நிக்கது யாரு எவருன்னு பாத்தியா?"

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கருவாட்டுக்காரிகள் தங்கள் சரக்கு கெட்டது என்று வாயால் சொல்லமாட்டார்கள். விற்காமல் நாறிப்போனதைக்கூட 'மாத்தி வச்சேன்' என்றுதான் சொல்வார்கள். புதைத்த சரக்குக்கும் இதே மரியாதை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.சி. தேறியவன். சர்க்கார் காகிதத்தில் பொய் எழுதினால் சர்ட்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று நம்பியவன். 'இல்லை' என்று எழுதி அத்தையின் கைரேகையை வாங்கினேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சரக்கு கெடாதவர்களுக்கும் உதவி இருந்தது. சரக்கு கெடாமல் காப்பதற்குத் தினம் ஒரு பார் ஐஸ். இனாம். ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல் டிப்போவில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தவறினால் பேர் அடிபடும்.

"கருவாட்டுக்கு ஐஸா? அப்படியே மோருக்கு ஒரு கரியடுப்பும் எழுதிக் கேளு தம்பி" என்றார் அண்ணாச்சி.

மறுநாளிலிருந்து மாட்டுங்காவில் டைப் கிளாஸுக்குப் போகுமுன் ஐஸ் டிப்போவுக்குப் போனேன். வாடகைக்கு எடுத்த ஹாத்காடியில், அதாவது கைவண்டியில், மரத்தூளும் சாக்கும் போட்டு மூடி, ஐஸ் பாரை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து, அத்தையின் காலிப் பெட்டிக்குள் இறக்குவேன். அத்தை பக்கத்தில் விளக்குமாற்றோடு உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் நக்க வந்தால் அடி. நோய்க்காலம் அல்லவா. பதினொரு மணிக்குச் சுகாதார ஜமேதார் வருவார். தடைசெய்யப்பட்ட ஐஸைக் கண்டுபிடிப்பார். கடப்பாரையால் உடைத்து, ஃபினாயில் ஊற்றி, ரசீது கொடுத்துவிட்டுப் போவார்.

நாலாம் நாள் அவருக்கே தாங்கவில்லை. "கல் பீ தோடா. ஆஜ் பீ லாயா?" என்று கேட்டார். நேற்றும் உடைத்தேனே, இன்றும் கொண்டுவந்திருக்கிறாயே என்கிறார். டிப்போவில் கையெழுத்துப் போட மீன் இலாகா கொடுத்திருந்த புத்தகத்தைக் காட்டினேன். நின்று முழுக்கப் படித்தார். புத்தகத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, "டீக் ஹை. தும் லாவ், ஹம் தோடேகா" என்றார். நீ கொண்டுவா, நான் உடைக்கிறேன். அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. தாமதமாக வரும் நாளில் எனக்காகக் காத்திருந்து உடைத்தார்.

ஐஸை நிறுத்தி, பேரை மட்டும் பதிவேட்டில் வைத்துக்கொள்ளும்படி இங்கிலீஷில் மூன்று பக்கம் மனு எழுதிப் போட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மேற்படி வியாபாரியின் சரக்கு கெட்டதாக இதுவரை ஒரு புகாரும் இல்லை, ஆகவே ஐஸ் நல்ல பலன் தருவது தெளிவாகிறது, தொடர்ந்து பெற்றுக்கொள்ளவும்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கெடலன்னா எழுதியிருக்கான்?"

"கெடுறதுக்கு ஒண்ணுமே இல்லையே, அத்தை."

"அத யாரு கேட்டா? கெடலன்னு சீல் போட்டுக் குடுத்திருக்காம்லா. எந்திரிச்சி நின்னு சத்தமா வாசி மருமவனே. அந்தா, வாடிக்கக்காரியெல்லாம் தண்ணிக்கு வந்துட்டாளுவ."

குழாயடியில் நின்று, மீன் இலாகாவின் கடிதத்தைத் தமிழில் இரண்டு தடவை வாசித்தேன்.

ஐஸ் வாங்கத் தொடங்கிய பதினாலாம் நாள் தடை நீங்கியது. பதினாலு கையெழுத்தும் சரியாக இருந்ததால் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். புதுச் சரக்கு வந்திறங்கியதும் அதே ஏழெட்டுப் பெண்கள், முகர்ந்துகூடப் பார்க்காமல், நெத்திலியை வாங்கிப் போனார்கள். பக்கத்து இடத்துக்காரி கெட்டது என்று சொல்லி அறுபது ரூபாய் வாங்கியவள். அவளும் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். ஆனால் அவள் கூடையை ஒவ்வொருத்தியும் கிளறிக் கிளறிப் பார்த்தாள்.

"நீங்களும் ஒரு ஆமா சொல்லியிருந்தா அறுபது ரூபா வந்திருக்கும்" என்றேன்.

"வாங்கியிருக்கலாம். பெறவு இந்த நாலடியில உக்காந்து யாருக்கு விக்க?" என்றபடி தராசைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் டைப் கிளாஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பதினாலு நாள் ஹாத்காடி வாடகை, மரத்தூள், சாக்கு, மனுவுக்கு ஸ்டாம்பு. சர்க்கார் இனாமாகக் கொடுத்த ஐஸுக்கு எங்களுக்கு ஆன செலவு இருபது ரூபாய் ஐம்பது பைசா.