சோதனைக்கென்று அரைத்த பொடி

மூலிகைச் சாற்றைச் சோதிக்கும் தொழிலில் செடியும் பொய் சொல்லாது, கொண்டுவருகிறவரும் பொய் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்க மாட்டோம். ஆய்வகத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

ஊதா வெளுத்தது

பெரம்பலூரில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் குன்னத்திலிருந்து கோவிந்தராசு என்பவர் வந்தார். நெல்லி, சீந்தில், கீழாநெல்லி கலந்த பொடி விற்கிறவர். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி சாற்றில் இருந்தால், நாங்கள் வைத்திருக்கும் ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளுக்கும். அவருடைய கலவை, தனித்தனிச் சாறுகளைவிட நன்றாகவே வெளுக்க வைத்தது. இது சோதனைக் குழாயில் நடந்தது, உடம்பில் இப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை, பாதுகாப்புச் சோதனையும் பாக்கி என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் செல்போனில் குழாயைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பேசுறது போட்டோவுல வராது சார், பேசிக்கிட்டே இருங்க."

சாம்பலில் மண்

பாதுகாப்புச் சோதனையிலும் அந்தப் பொடி தேறியது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்து, உடன் வேலை பார்க்கும் பரிமளா, என் ரிப்போர்ட்டை அச்சடித்து ஒட்டியிருந்த அதே பொடிப் பாக்கெட்டை என் மேசையில் வைத்தார். அரியலூரில் இருக்கும் அவருடைய அப்பா தினமும் குடிக்கிறாராம். குடித்தால் வாய் கரகரக்கிறதாம். பொடியை எரித்துச் சாம்பலை அமிலத்தில் போட்டோம். கரையாமல் மண் தங்கியது. ஈயமும் வரம்பைத் தாண்டியிருந்தது. பரிமளா என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"டாக்டர் சொன்னாலே கேக்காத மனுசன் சார். உங்க கையெழுத்தப் பாத்துட்டுத்தான் குடிச்சாரு."

ரோட்டோரம்

மறுநாளே குன்னத்துக்குப் போனேன். சிமெண்டு லாரிகள் ஓடும் ரோட்டோரத்தில், மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் சீந்தில்கொடி காய்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் எனக்குக் கொடுத்தது? அதை அவர் மனைவி மூன்று தண்ணீர் விட்டு அலசி, வீட்டுக்குள் வேட்டியில் பரப்பி உலர்த்திக் கொடுத்தாராம். கோவிந்தராசு முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. என் எரிச்சலை யார்மேல் இறக்குவது?

"லேபுக்குப் போறதப் போயி அழுக்கா குடுப்பாங்களா சார்? உங்களுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

பரிமளாவின் அப்பா

ரிப்போர்ட்டை ரத்து செய்தேன். விற்காத பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து கோவிந்தராசுவே திரும்ப எடுத்துக்கொண்டார். பரிமளாவின் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. அந்த முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கே காய வைத்தீர்கள் என்ற ஒரு கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? பொடியை நிறுத்தச் சொல்லிப் பரிமளா போன் செய்தபோது அவருடைய அப்பா கேட்டாராம்:

"கையெழுத்துப் போட்டவரே வேணாங்கிறாரா? அப்ப அவரு எந்தப் பொடி குடிக்கிறாருன்னு கேட்டுச் சொல்லு."

இத்தனை வருடம் நான் சோதித்ததில் மூலிகை எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று தெரியாததால், இப்போதெல்லாம் சாம்பிளை நானே கடையில் போய் வாங்கிவிடுகிறேன்.