மடவைக்குக் கேட்காத மேளம்

கோதண்டத்துக்கு முன்னால் தட்டை வைத்தால், சோறு விழுவதற்குள் அதன் விளிம்பில் இரண்டு விரல் ஓடிவிடும். டக்கு டிக்கி டக்கு. அவன் பெண்சாதி லோகநாயகி குழம்புக் கரண்டியாலேயே அந்த விரல் மேல் ஒன்று போடுவாள். விரல் நிற்கும், தொடை ஆட ஆரம்பிக்கும். "துண்ணும்போதாவது சொம்மா கீறியா?" என்று அவள் கத்துவதுதான் எங்கள் தெருவுக்கே சாப்பாட்டு மணி. "சொம்மா இருந்தா கை செத்துப்பூடும்மே" என்பான் அவன்.

ஆள் ஒல்லி. துடுப்பை நட்டு அதற்குச் சட்டை மாட்டியது போல் இருப்பான். பேருந்தில் ஏறினால் முன் சீட்டுக் கம்பி, மீன் ஏலத்தில் ஐஸ் பெட்டியின் மூடி, ஒன்றும் அகப்படாவிட்டால் தன் வயிறு. பொன்னேரி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும் முன்பே, "கையக் கட்டிக்கினு உக்காரு" என்பார். சாவு வீட்டில் மட்டும் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு மரியாதையாக நிற்பான். அங்கேயும் அவன் கால் கட்டைவிரலைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அதைக் கெட்ட கை என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். எங்கள் ஏரியில் மடவை பிடிக்க, வலையை வளைத்துப் போட்டுவிட்டுப் படகின் பக்கப் பலகையைக் கட்டையால் தட்டுவார்கள். சத்தத்துக்கு மிரண்டு மீன் துள்ளி வலையில் விழும். கோதண்டம் தட்டினால், தனக்குப் போக உலகத்தில் வேறு இடமே இல்லை என்று மடவை நினைத்துக்கொள்ளும். அவனைத் தங்கள் படகுக்கு இழுக்க ஆண்களுக்குள் போட்டி நடக்கும். சனி ஞாயிறுகளில் மீஞ்சூர் பாட்டுக் குழுவில் அவன்தான் டிரம். கல்யாணமோ திருவிழாவோ, மேடையில் பாடுகிறவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

வினை வந்தது வீட்டில் டிரம் அடித்துப் பழகியதால். அவன் வீட்டு வாசல் ஏரித் தண்ணீரில்தான் முடிகிறது. ஒரு மாலை அவன் வாசலில் டிரம்மைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தான். அதே நேரம் கரையோரம் வந்த மடவைக் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்துக்கொண்டிருந்தார்கள். வளையம் இன்னும் மூடவில்லை. திறந்திருந்த பக்கமாக மீன் மொத்தமும் வெளியே போய்விட்டது.

பஞ்சாயத்துக் கூடியது. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பேர். பாடு இல்லாதவன் கரையில் உட்கார்ந்து ஏரியை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். "இன்னொரு தபா கரையில மோளம் கேட்டுச்சு, உன் பாடு போச்சு" என்றார் ஊர்த் தலைவர் திருவேங்கடம். அவர் என் வீட்டுக்காரரின் தம்பி. நியாயஸ்தர்தான். சிரிப்பை மட்டும் எப்போதோ உப்புப் போட்டுக் காயவைத்துவிட்டார்.

அடித்துப் பழகினால் பாடு போய்விடும். பழகாவிட்டால் மீஞ்சூர்க்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். இளைப்பதற்குக் கோதண்டத்தின் உடம்பில் இடமே கிடையாது, இருந்தும் இளைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் பாட்டுக் குழுவில் கரண்ட் டிரம் வாங்கப் போகும் பேச்சு வந்தது. வாங்குவது அவர்கள், கடைக்குப் போய் அடித்துப் பார்த்துச் சரி சொல்லி, வீட்டில் வைத்துக்கொள்வது இவன். என்னிடம் ஓடி வந்தான். "ஆயா, அத்த காதுல மாட்டிக்கினு அடிச்சா எனக்கு மட்டும்தான் கேக்குமாம். தலைவர இட்டுக்கினு வா. அவரு காதாலயே கேக்கட்டும்."

"கேக்காதத எப்பிடிடா கேப்பாரு?" என்றேன். இருந்தும் போய்ச் சொன்னேன். கடை இருந்தது பட்டணத்தில். அங்கே நண்டு போட வேண்டிய வீடுகள் எனக்கும் இருந்தன.

ரயிலில் அவன் என் கூடை மூடியில் ஆரம்பித்தான். எதிரே உட்கார்ந்திருந்த திருவேங்கடம் ஒரு விரலைத் தூக்கினார். கோதண்டம் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

கடை முழுக்கக் கண்ணாடி. அந்த டிரம் டிரம் மாதிரியே இல்லை. ஆறு மூலை வைத்த கறுப்புத் தட்டுகள் கம்பிகளில் நின்றன. கீழே காலால் மிதிக்க ஒரு கட்டை. ஜப்பான் சரக்காம். கடைக்காரப் பிள்ளை தெரியாத்தனமாக முதலில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். கோதண்டம் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். டியூம்! என் கூடையில் மிச்சமிருந்த நண்டெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கின.

"தலைவரே, கேட்டீங்களா!"

"நம்மூரு பக்கம் அனுப்பம்பட்டு வரிக்கும் கேட்டிருக்கும். வா அண்ணி, போலாம்."

கோதண்டம் பதறிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடித்தான். தலை ஆடுகிறது, கண் சொருகுகிறது, தோள் குலுங்குகிறது. ரப்பரில் குச்சி படும் டொக் டொக் தவிர ஒரு சத்தமும் இல்லை. சாமி வந்தவனைக் கண்ணாடிச் சீசாவுக்குள் அடைத்தது போல் இருந்தது. திருவேங்கடம் தெருவுக்கு இறங்கி நின்று கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

டம்ளர் வந்தது. அவர் குடிக்கவில்லை. மிதிகட்டைக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, எதிரே குந்தினார். ஏதோ பூஜை என்று நினைத்துக் கடைக்காரப் பிள்ளை செருப்பைக் கழற்றினார்.

"மிதிடா."

கோதண்டம் மிதித்தான். டம்ளர் தண்ணீரில் ஒரு வட்டம் விழுந்தது. மறுபடி மிதித்தான். மறுபடி வட்டம்.

"மீனுக்குக் காது காத்துல இல்லடா நைனா, தண்ணியில கீது. உன் வூட்டுத் தரை எங்க முடியுது, ஏரி எங்க தொடங்குது, சொல்லு பாக்கலாம்."

கோதண்டம் ஹெட்போனைக் கழற்றினான். குச்சிகள் மடியில் கிடந்தன. கைகள் அவற்றின் மேல் கிடந்தன. கட்டைவிரல்கூட ஆடவில்லை. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று எழுந்து, கேட்காமல் கொள்ளாமல் என் கூடைக்கு அடியில் இருந்த ஈரச் சாக்கை உருவினான்.

"டேய், அது நண்டுச் சாக்குடா!"

"இரு ஆயா."

நாலாக மடித்து மிதிகட்டைக்கு அடியில் செருகினான். கடைக்காரப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டார். "சார், கடையே நாறிப்போயிடும் சார்!"

"செத்த இருப்பா. இங்க பஞ்சாயத்து நடக்குது" என்றார் திருவேங்கடம்.

கோதண்டம் மிதித்தான். தண்ணீர் அசையவில்லை. "இன்னும் பலமா." மிதித்தான். திருவேங்கடம் மூக்கு டம்ளரில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். தண்ணீர் குளத்தில் படுத்த எருமை மாதிரி கிடந்தது. அவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி ஒத்துக்கிச்சு. எடுத்தாந்துடு."

சாக்குப் போடச் சொன்னதே தான்தான் என்று அவர் இப்போது ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். பார்த்தவள் நான். அந்தச் சாக்கு என்னுடையது என்பதையும், அது இன்றுவரை திரும்பி வரவில்லை என்பதையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. கேட்டால், "நாளிக்கி தரேன் ஆயா" என்கிறான். அவனுடைய 'நாளைக்கு' எனக்குத் தெரியும்.

லோகநாயகிக்கு இப்போது வேறு குறை. "முன்ன ஊருக்கே இது அடிக்கறது கேட்டுச்சு. இப்ப நான் கத்தறது இதுக்குக் கேக்கல." அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள். சோறு ஆறுகிறது என்றால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாள். நடுத்தாளத்தில் விழித்துக்கொண்டு அவன் திருதிருவென்று பார்ப்பதைக் காண அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடுகிறார்கள்.

திருவேங்கடம் ஒருநாளும் அவன் வீட்டுக்குச் சோதிக்க வந்ததில்லை. வரப்போவதும் இல்லை. ஆனாலும் மாலையில், ஏரியில் வலை இறங்கும் நேரம், கோதண்டம் டிரம் முன்னால் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் காலுக்குப் பக்கத்தில் வைக்கிறான். ஒரு மிதி மிதித்துவிட்டுக் குனிகிறான். வட்டம் விழுந்தால் என் சாக்கை எடுத்து இன்னொரு மடிப்பு மடிக்கிறான். மறுபடி ஒரு மிதி. தண்ணீர் சும்மா இருந்தால்தான் ஹெட்போனைக் காதுக்கு இழுத்துக்கொள்கிறான்.